பரீட்சை வருஷத்து டி.வி.

"க்கும். டி.வி. வேணாம்னு போன மாசம் சொன்னது நான்தான்மா. இப்ப வேணும்னு சொல்றதும் நான்தான். அதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

போனில் அதட்டியது பாங் தேஹோவின் குரல்தான். ஆனால் பாங் தேஹோ அப்போது குளியலறையில் இருந்தார். பேசியது அவருடைய பதினெட்டு வயது மகள் நாரே.

"ஒரு கஷ்டமும் இல்லை சார்" என்றாள் மறுமுனையில் வாடிக்கையாளர் மையத்துப் பெண். "வீட்டுப் போன், இன்டர்நெட், டி.வி. மூணையும் ஒரே இணைப்பா மாத்திடறேன். உங்க செல்லுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க."

மேஜைமேல் கிடந்த அப்பாவின் செல்லைப் பார்த்து நாரே ஆறு இலக்கங்களை ஒப்பித்தாள்.

"மூணும் சேர்த்து எடுத்தா ஒரு பரிசு உண்டு சார். என்ன வேணும்?"

குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்றது. நாரே பரபரவென்று சொல்லி முடித்துவிட்டுப் போனை வைத்தாள். அப்பா துண்டோடு வெளியே வந்தபோது கணக்குப் புத்தகத்தின் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

நுழைவுத் தேர்வுக்கு இன்னும் நாற்பது நாள். வழுக்குகிற பண்டம் சாப்பிட்டால் பரீட்சையிலும் வழுக்கும் என்று அந்த வீட்டில் கடற்பாசி சூப் வைத்தே வருஷமாகிறது. போன மாதம் பழைய இணைப்பு முடிந்ததும் அப்பா கூட்டம் போட்டார்.

"இன்டர்நெட் இருக்கட்டும், பாடம் பார்க்க. உன் செல்லைப் பீரோவுல பூட்டியாச்சு. நீ மேஜையிலதான் இருக்கியான்னு கூப்பிட்டுப் பார்க்க வீட்டுப் போன் இருக்கட்டும். டி.வி. வேணாம். நாங்களும் உனக்காகத் தியாகம் பண்றோம்."

"நான் தினமும் கோயில்ல நூறு நாள் பிரார்த்தனை" என்றாள் அம்மா.

"நான் ஆத்தோரமா ஒரு நடை போயிட்டு வரேன். வீடு அமைதியா இருக்கும்ல?" என்றார் அப்பா. "இதுல நீ ஏதாவது பொய், பித்தலாட்டம் பண்ணினே, மறுநாளே பெட்டியோட மலைமேல இருக்கிற படிப்பு விடுதிதான். அங்க பேசவே விடமாட்டாங்க."

பேசாமல் இருப்பதா? நாரேவுக்கு அதைவிடத் தூக்குத் தண்டனை தேவலை.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வீட்டுப் போன் அடிக்கும்.

"படிக்கிறியாடி?" என்பாள் அம்மா. பின்னாலிருந்து ஒரு பெண் குரல், 'இந்த வீட்டு வாசப்படியை இனி மிதிக்காதே' என்று அழும்.

"யாரும்மா அழறது?"

"பக்கத்துல ஒரு அம்மா. பக்தி முத்திடுச்சு."

பிரார்த்தனை நாள் ஏற ஏற, அம்மாவின் தலைமுடியும் சுருள் ஏறிக்கொண்டே வந்தது.

அடுத்து அப்பா. "க்கும். ஆத்தங்கரையில என்னா காத்து தெரியுமா." பின்னாலிருந்து அடுக்ககக் காவலாளி மேங்கின் குரல், "அடிச்சான் பாரு" என்று கத்தும்.

"யாரை அடிச்சாருப்பா?"

"கொசுவை."

நாரே "சரிப்பா" என்று வைத்துவிடுவாள்.

நாரே மையத்துக்குப் போன் பண்ணிய அடுத்த சனிக்கிழமை டி.வி. பெட்டியோடு வாசலில் ஒருவர் நின்றார். "பாங் தேஹோ சார் வீடுதானே? நீங்க கேட்ட இணைப்பு."

"நான் எங்கய்யா கேட்டேன்?"

அம்மா கணவனைப் பார்த்தாள். கணவன் மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தார்.

அந்தக் குடும்பத்தில் ஆறு பேர் குரலில் பேசத் தெரிந்த ஆள் ஒருத்திதான்.

"நாரே அம்மா, இவ சூட்கேஸை எடுத்து வை" என்றார் அப்பா. "பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கு, மகாராணிக்கு டி.வி. கேக்குது. நாங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கறோமா?"

"என் பிரார்த்தனையெல்லாம் வீண்" என்று மூக்கைச் சிந்தியபடி, அம்மா சூட்கேஸை இழுத்து வந்து கதவோரம் வைத்தாள்.

நாரே தரையைப் பார்த்து நின்றாள்.

அப்பா விடவில்லை. வாடிக்கையாளர் மையத்தைக் கூப்பிட்டு, ஊரறியட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். "பேசினது நான் இல்லை. இப்பவே ரத்து பண்ணுங்க."

"ஒரு நிமிஷம் சார், பதிவைக் கேட்டுடலாம்" என்றாள் அந்தப் பெண்.

ஸ்பீக்கரிலிருந்து அப்பாவின் குரல் அப்பாவையே அதட்டிக்கொண்டு வந்தது.

"க்கும். பெட்டியைப் பெரிய படுக்கையறையில மாட்டச் சொல்லுங்க. பரிசா அரிசிக் குக்கரெல்லாம் வேணாம், ஹெட்போன் ரெண்டு குடுங்க. பொண்ணு படிக்கிறா, சத்தம் வெளிய வரக்கூடாது. குளிர் வேற ஆரம்பிச்சிடுச்சும்மா. காவலாளி அறையில முட்டியை மடக்கி உக்காந்து பேஸ்பால் பார்க்க என்னால ஆகலை. என் வீட்டுக்காரி அதைவிடப் பாவம். அழகு நிலையத்துல உக்காந்து சீரியல் பார்க்கறதுக்காகவே மூணு தடவை முடியைச் சுருட்டிக்கிட்டா."

அம்மா அப்பாவின் முட்டியைப் பார்த்தாள். அப்பா அம்மாவின் முடியைப் பார்த்தார். வந்தவர் தன் கையிலிருந்த இரண்டு ஹெட்போன்களைப் பார்த்தார்.

"இது உங்க குரல் இல்லைன்னா மோசடின்னு புகார் பதிவு பண்ணணும் சார்" என்றாள் அந்தப் பெண். "பண்ணிடட்டுமா?"

அப்பா சூட்கேஸைக் காலால் மெல்லக் கதவுக்குப் பின்னால் தள்ளினார்.

"க்கும். என் குரல்தான்மா."