பெயர் மட்டும் பாக்கி

பெரியவர் ஏழாவது முறையாக நாற்காலியை விட்டு எழுந்தார்.

காற்று எந்தப் பக்கம் என்று காட்டும் துணிக்குழாய்வரை நடந்து போய் அண்ணாந்து பார்த்தார். காற்றைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. திரும்பி வரும் வழியில், துணி போர்த்தி நின்ற அந்த நினைவுக்கல்லை ஓரக்கண்ணால் பார்க்கத்தான் இந்த நடை.

எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்கள் இந்தப் புல்வெளியில் ஏறி இறங்கத் தொடங்கி இன்றோடு ஐம்பது வருடம். முதலில் வந்து இறங்கியவர் அவர்தான் என்பது ஊர் உலகத்துக்கே தெரியும். தெரியாதவர்களைப் பிடித்து உட்காரவைத்து அவரே சொல்லிவிடுவார்.

முதல் வருடம் சொன்ன கதையில், ஐந்நூறு அடி உயரத்திலிருந்து இடத்தைப் பார்த்தார். பத்தாம் ஆண்டு விழாவில் அது மூவாயிரம் அடி ஆனது. இருபத்தைந்தாம் ஆண்டில் இடியும் மின்னலும் சேர்ந்துகொண்டன. போன வருடம் ஒரு கழுகு ஒதுங்கி வழிவிட்டது.

அத்தனையும் கப்சா. அது தெரிந்த ஆள் உலகத்திலேயே ஒருத்திதான், அவர் மனைவி. கல்லில் வெட்ட வேண்டிய வாசகத்தை எழுதித் தரச் சொல்லி, கிளப்காரர்கள் போயும் போயும் அவளிடமே கேட்டிருந்தார்கள்.

உண்மை கல்லில் ஏறிவிட்டால் இந்தப் பக்கம் இனி தலைகாட்ட முடியாது. இரண்டு வாரமாகக் கெஞ்சினார். கோபித்துக்கொண்டார். பாத்திரம்கூடத் துலக்கிப் பார்த்தார்.

“அப்படி என்னதான்டி எழுதிக் குடுத்த?”

“எல்லாரும் பாக்கும்போது நீங்களும் பாருங்க.”

கிளப் செயலாளர் துணியை இழுத்தார்.

தேதி இருந்தது. சரியான தேதி. கீழே, ‘இந்தப் புல்வெளியில் முதன்முதலில் இறங்கிய விமானி’ என்று இருந்தது. அதற்கும் கீழே வழுவழுவென்று வெறும் கல்.

கல்தச்சர் உளியோடு முன்னால் வந்தார். “பேரை ஐயா வாயால கேட்டுட்டு வெட்டச் சொல்லி அம்மா சொன்னாங்க.”

மைக் கைக்கு வந்தது. வந்த மைக்கை ஐம்பது வருடமாக லேசில் விடாத கை, இன்று அதை வாய்ப்பக்கம் கொண்டுபோகத் தயங்கியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், கல் உள்ளவரை அவர் பெயர் இருக்கும். அவள் வாயே திறக்க மாட்டாள். முதல் வரிசையில் அழைப்பிதழால் விசிறிக்கொண்டு, மேகத்தை எண்ணுகிறவள்போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார்.

பிறகு அவள் பெயரைச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்பு இருந்த இனிஷியலோடு.

கல்தச்சர் உளியைக் கல்லில் வைத்தார்.

“அப்போ, ஐயா... நீங்க?” என்றார் செயலாளர்.

“நானா? எறங்கின கிளைடரை ஏத்திட்டுப் போற லாரிக்கு டிரைவர். இடம் தெரியாம ஒரு மூணு மணி நேரம் சுத்திட்டேன்.”

“ஒம்பது” என்றது முதல் வரிசை.