கொங்கோ வாளின் வயது

அருள்நாயகம் வீட்டுத் தரகில் கொழுத்தவர். கனடாவில், மில்லிக்கனில் அவருடைய வீட்டு முன்மண்டபச் சுவரில், மாதா படத்துக்குக் கீழே ஓர் ஆபிரிக்கக் குறுவாள் தொங்கியது. மாதாவைக் கும்பிட மறந்தவர்கள் உண்டு. வாளைப் பார்த்து வாய் பிளக்காமல் எவரையும் அவர் உள்ளே விட்டதில்லை.

இன்று வாளுக்கு வயது பார்க்கிற நாள். பழம்பொருள் நிபுணர் ராகுலன் சொல்லப்போகும் ஒரு சொல்லில் பஸ்ரியனின் பிழைப்பே தொங்கியது.

பஸ்ரியன் அந்த வீட்டு வேலையாள். அவனுடைய வேர்க் பெர்மிற் முதலாளியின் பெயரில் இருந்தது. வேலை போனால் ஊருக்குப் பிளேன் ஏற வேண்டியதுதான்.

நடந்தது இதுதான். போன மாதம் முதலாளி கியூபாவில் வெயில் காய்ந்துகொண்டிருக்க, இங்கே வாசற்படியில் ஐஸ் கல்லாய் இறுகிவிட்டது. போஸ்ற்காரர் வழுக்கி விழுந்தால் கேஸ். பனி அள்ளுகிற ஸ்னோ சவலும் முறிந்துபோயிற்று. பஸ்ரியன் கைக்கெட்டிய வாளை எடுத்து நாலு கொத்துக் கொத்தினான். அது பிஸ்கட் மாதிரி நொறுங்கியது.

நல்லவேளை, அவனுக்கு இரும்பு வேலை தெரியும். தெரிந்தவரின் கராஜில் லொறி ஸ்பிறிங் தகடு ஒன்றை இலை வடிவில் அடித்து, பழைய செப்புக்கம்பிப் பிடியில் பொருத்தி, வினாகிரியில் ஊறவைத்துத் துருவேற்றித் தொங்கவிட்டான்.

ராகுலன் லென்சை வைத்து வாளைக் கவிழ்த்தார், நிமிர்த்தினார், மோந்தும் பார்த்தார்.

"இன்னும் என்ன பார்வை, டொக்டர்?" முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "போன வருஷம் சோதிக்கவெண்டு ரெண்டு கிழமை கொண்டுபோய் வைச்சிருந்தனீங்கள்தானே? வாளை வாங்கிற ஆள் புதுசா அத்தாட்சிக் கடிதம் கேக்கிறான், அவ்வளவுதான்."

"இதை ஆர் துடைக்கிறது?"

"நான்தான், ஐயா." பஸ்ரியன் ஓரடி முன்னுக்கு வந்தான்.

ராகுலன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பேனையைத் திறந்தார். "கொங்கோ. ஆயிரத்து எண்ணூற்றித் தொண்ணூறு. அசல்."

"நான் அப்பவே சொன்னனான்!" முதலாளி குதித்தார். "பஸ்ரியன், டொக்டருக்குத் தேத்தண்ணி!"

தேத்தண்ணி வேண்டாமென்று நிபுணர் எழுந்தார். இவ்வளவு படித்த மனிசனுக்கு லொறித் தகடு தெரியவில்லையே என்று பஸ்ரியனுக்குச் சிரிப்பு முட்டியது. அதை அடக்கிக்கொண்டு அவருடைய பெட்டியைக் காருக்குத் தூக்கிப்போனான்.

கார்க் கதவைச் சாத்துமுன் ராகுலன் காதோடு கேட்டார்: "உங்கடை வேலை திறம், அண்ணை. ஆனால், போன வருஷம் நான் மாத்தி வைச்ச போலி வாளை ஏன் உடைச்சனீங்கள்?"