சிறந்த ஆய்வேடு

அந்த வெள்ளைக்காரப் பெண்மணி அவன் பெயரைத் தப்பாகத்தான் உச்சரித்தாள். ஆனாலும் வீட்டுக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

டி.வி.யில் ஓடிய பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் தம்பி மேடையேறினான். கறுப்பு அங்கி. நழுவிய தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான்.

அந்த ஆண்டின் சிறந்த ஆய்வேட்டுக்கான பரிசு.

அம்மா அழுதாள். அப்பா எழுந்து நின்று கைதட்டினார். வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் தட்டினார்கள்.

அவன் அக்காவும் தட்டினாள்.

ஆய்வேட்டின் தலைப்பை வாசித்தார்கள். சாயக் கழிவு இறங்கிய ஊர்களின் கிணற்று நீர் பற்றியது.

வாசிப்பவரை முந்திக்கொண்டு அவள் உதடு அசைந்தது.

அந்தக் கிணறுகளில் வாளி இறக்கியவள் அவள். “தம்பி படிப்புக்குங்க” என்று சொல்லி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்தவள். தான் பாடம் நடத்தும் கல்லூரியின் ஆய்வகத்தில் சோதித்ததும் அவள்தான்.

எழுதியதும்.

தம்பிக்கு முன்பே அதே பல்கலைக்கழகம் அவளுக்கு இடம் கொடுத்திருந்தது.

பொட்டப்புள்ளையை அத்தனை தூரம் எப்படித் தனியாக அனுப்புவது என்று அப்பா கேட்டார். அவள் இங்கேயே ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

தம்பி கிளம்பியபோது அந்தக் கேள்வியே எழவில்லை.

முதல் பருவத்திலேயே அவன் தோற்றான். போனில் அழுதான். திரும்பி வந்துவிடுகிறேன் என்றான்.

“ஊரே சிரிக்கும் கண்ணு. அவனுக்குக் கொஞ்சம் ஒத்தாசை பண்ணு. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்,” என்றாள் அம்மா.

அந்தக் கொஞ்சம் ஒத்தாசைதான் இப்போது மேடையில் பரிசு வாங்கிக்கொண்டிருந்தது.

பெரியப்பா சோபாவில் சாய்ந்துகொண்டார்.

“இதுக்குத்தான் வெளிநாட்டுப் படிப்புங்கறது. நாலு தேசத்து ஆளுகளோட பழகுனா புத்தி விரியும். இங்கயே கெடந்தா கெணத்துத் தவளையாட்டக் கெடக்க வேண்டியதுதான்.”

“நெசந்தானுங்க மாமா,” என்றாள் அம்மா.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா லட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

விழா முடிந்து சற்று நேரத்தில் தம்பி கூப்பிட்டான். போன் கை மாறி மாறிப் போனது. எல்லோரும் வாழ்த்திய பிறகு, அக்காவிடம் கொடுங்கள் என்றான்.

அவள் அதை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

“அக்கா... இங்கயே பி.எச்.டி. பண்ணச் சொல்றாங்க. செலவெல்லாம் அவங்களே பாத்துக்குவாங்களாம். நீ எழுதியிருந்த கடைசி அத்தியாயம் புரொபசருக்கு அவ்ளோ புடிச்சுப் போச்சு.”

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“உன்னால முடியுமாக்கா? நான் அவங்ககிட்ட என்னன்னு சொல்லட்டும்?”

கடைசி அத்தியாயத்தை எழுதிய நாட்களில் தான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்பது அவளுக்கு நினைவு வந்தது.

“அதை யார் எழுதுனதுன்னு சொல்லு.”

“கேக்கலக்கா. இங்க சிக்னல் சரியில்ல.”

அவனுக்குப் பின்னால் யாரோ சிரிப்பதும், கேமராவைப் பார்க்கச் சொல்வதும், காலடியில் சரளைக்கல் நெரிபடுவதும்கூட அவளுக்குத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தன.

போனை வாய்க்கு அருகில் கொண்டுவந்தாள். பிறகு, அது தேவையில்லை என்று தோன்றியது. சமையலறை வாசலுக்கு வந்து, வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசுகிற குரலில், மறுபடியும் சொன்னாள்.

“உன்னோட ஆய்வேட்டை எழுதுனது உங்க அக்கான்னு அவங்ககிட்டச் சொல்லு.”

கூடத்தில் முதலில் நின்றது அப்பாவின் சிரிப்பு.