உபயம்: சகாயமேரி

நசரத்பேட்டை நாடக அரங்கத்தின் தகரக் கூரை மதிய வெயிலில் சடசடக்கிறது. நாற்காலிகளையெல்லாம் சுவரோரம் அடுக்கியாயிற்று. நடுவில் ஒன்றுதான் மிச்சம். அதில் சகாயமேரி உட்கார்ந்திருக்கிறார். அப்பா விட்டுப்போன மாந்தோப்பையும் நஞ்சையையும் துண்டு துண்டாக விற்று முப்பத்தைந்து வருடம் இங்கே நாடகம் நடத்தியவர். போன வாரம் அரங்கத்தையும் விற்றுவிட்டார். வாங்கியவர் இதைக் குடோனாக்கப் போகிறார். வெளியே கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் மேடையில் தொங்கும் அரண்மனைத் திரை லேசாக ஆடுகிறது. அந்தத் திரையை வரைந்த வேம்புலி, தின்னரில் நனைத்த துணியோடு அவருக்குப் பின்னால் நிற்கிறார். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ‘உபயம்: சகாயமேரி’ என்று சிவப்பில் எழுதியவரும் வேம்புலிதான், புது ஓனர் சொன்னபடி காலையிலிருந்து அதை அழித்துக்கொண்டிருப்பவரும் வேம்புலிதான்.

“கொஞ்சம் எய்ந்துக்கிறீங்களாம்மா? இது ஒண்ணுதான் பாக்கி கீது.”

“பேரைச் சின்னதா எழுதுன்னு அன்னிக்கே சொன்னேன். கேட்டியா?”

“சின்னதா எய்தினா யாருக்கும்மா தெரியும்?”

சகாயமேரி மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். துணி தேய்கிற சத்தம் காலி அரங்கம் முழுக்கக் கேட்கிறது. முதலில் ‘உபயம்’ கரைகிறது. பெயர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கிறது. பிறகு அதுவும் இளஞ்சிவப்பாக வழிந்து வேம்புலியின் மணிக்கட்டில் இறங்குகிறது. வேம்புலி நாற்காலியைத் துடைத்து அவர் பக்கமாகத் திருப்பி வைக்கிறார். சகாயமேரி அதைத் தொடாமல் பார்க்கிறார்.

“உக்காரலாமாப்பா?”

வேம்புலி, வாசலில் போன் பேசிக்கொண்டிருக்கும் புது ஓனரின் சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்க்கிறார்.