இரும்பு முத்திரை

மணிலா நீதிமன்றத்தில் மனு வாங்கும் ஜன்னல் மூட இன்னும் பத்து நிமிடம். மின்விசிறிக் காற்றில் தாள்கள் படபடக்கின்றன. கம்பெனிச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட ரெமெடியோஸின் தோள்பையில் கம்பெனியின் இரும்பு முத்திரை கனக்கிறது. அதைக் கேட்டுப் புதிய செயலாளர் காலையிலிருந்து கைபேசியில் அழைத்துக்கொண்டே இருக்கிறார். "ஊழல் சொத்துன்னு அரசாங்கம் முடக்கின கம்பெனிதானேக்கா, ஊழல் கோர்ட்டுக்குப் போங்க," என்கிறார் எழுத்தர், வறுத்த வாழைப்பழத்தை மென்றபடி. "அங்கேர்ந்துதான் வரேன் தம்பி. பதவிச் சண்டைன்னா இங்கதானாம். மனு போட இன்னிக்குக் கடைசி நாள்." "யாரும் பிடிக்காத பந்து மாதிரி அலையுறீங்க." விரலைத் துடைத்துக்கொண்டு தேதி அச்சை எடுக்கிறார். "வாங்கிக்கிறேன். விசாரிக்க அதிகாரம் இருக்கான்னு ஜட்ஜ் சொல்லட்டும்." மனுவின் மேல் அச்சு விழுகிறது. பைக்குள் கைபேசி இரும்பில் மோதி அதிர்கிறது. இம்முறை அவள் எடுக்கிறாள். "யாராவது தீர்ப்பு சொல்லட்டும் சார். அதுவரைக்கும் முத்திரை எங்கிட்டதான் இருக்கும்." சொல்லிவிட்டுப் பையைத் தோள் மாற்றுகிறாள்.