ஏழாவது புள்ளி

"பூனைக்கு எந்தப் புள்ளி, சிஸ்டர்?"

"ஏழு. அரிச்சாலும் சொறியக் கூடாது," என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த அறைக்குப் போனாள்.

கேட்ட பஸ் கண்டக்டரின் முன்கையில், அலர்ஜி சோதனைக்காகப் பேனாவால் ஒன்று முதல் பத்து வரை எழுதி, ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு விட்டு, ஊசி முனையால் லேசாகக் குத்தியிருந்தார்கள். தூசி, மகரந்தம், பூஞ்சை, நாய், பூனை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எது உடம்புக்கு ஆகாதோ, அது கால் மணி நேரத்தில் கொசு கடித்த மாதிரி தடிக்குமாம்.

அவர் ஏழாவதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தடித்தால் பூனை வீட்டை விட்டுப் போக வேண்டும். தடிக்காவிட்டால் அதைப் பற்றி அவர் இனி வாயே திறக்கக் கூடாது. மனைவியோடு அப்படித்தான் பேச்சு.

இரண்டு வருடமாக அவருக்கு வயிற்றெரிச்சல். மீனில் முள் எடுத்துப் பூனைக்கு ஊட்டுவாள். அவர் பக்கம் தட்டை நகர்த்துவாள். அது ராஜா, செல்லம். அவர் வெறும் 'இங்க பாருங்க'. பகலெல்லாம் ஊராருக்கு உட்கார இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தால், அவருடைய நாற்காலியில் அது சுருண்டு படுத்திருக்கும். எழுப்பினால் திட்டு அவருக்குத்தான். நாலு கால் பிராணியிடம் தோற்றுப்போனதை வெளியே சொல்லவும் முடியவில்லை.

சோதனைக்கு ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். நிறுத்தினார். முதல் இரண்டு ராத்திரி அவர் தும்மிய தும்மலில் வீடே அதிர்ந்தது. மூன்றாம் நாள் தானாகவே நின்றுவிட்டது. தன் மூக்கும் எதிர்க்கட்சிக்குத் தாவிவிட்டதோ என்று பயந்துபோனார்.

மனைவி அரை மணி தாமதமாக, வேர்த்து விறுவிறுக்க வந்து உட்கார்ந்தாள். உடையெல்லாம் பூனை முடி. அதைக் கொஞ்சி முடிக்க இவ்வளவு நேரமா என்று கடுகடுத்தார். அவள் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் ஸ்கேலோடு வந்து கையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு புள்ளியும் தடிக்கவில்லை. கண்டக்டரின் முகம் தொங்கிவிட்டது.

"பத்தாவது சொட்டு யாரு கையில விட்டாலும் தடிக்கணும். சோதனை சரியா நடக்குதான்னு பாக்கத்தான் அதை விடுறோம். அதுவே தடிக்கலன்னா மாத்திரை இன்னும் உடம்புல இருக்கு. இன்னைக்கு எதையும் நம்ப முடியாது," என்றார் டாக்டர்.

ஒரு மாத்திரைகூடத் தொடவில்லை என்று கண்டக்டர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தான் டாக்டர். தினமும் ராத்திரி இவர் குடிக்கிற பால்ல பொடிச்சுப் போட்டேன். பாதி மாத்திரைதானே, என்ன ஆயிடப் போகுதுன்னு நினைச்சேன்."

கண்டக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாத்தீங்களா டாக்டர், பூனையக் காப்பாத்தப் புருஷனுக்கே மருந்து வைக்கிறா."

"எந்தப் பூனை? நீங்க தூக்கமில்லாம தும்மிட்டுக் கிடந்தீங்களே, அந்த ரெண்டாம் நாளே முடிவு பண்ணிட்டேன்," என்றாள் மனைவி. "வெளியூர் போயிருந்த எங்க அக்கா வர்ற வரைக்குமாவது நீங்க தூங்கணுமேன்னுதான் மாத்திரை போட்டேன். அவ இன்னைக்குக் காலையிலதான் வந்தா. இங்க வர்ற வழியில அதை அவ வீட்டுல விட்டுட்டுத்தான் வர்றேன்."