திரைக்கு வெளியே ஓர் அட்டை

அறுபத்தொரு வயதில் ஹிசாயே அந்தப் புத்தகத்தை முழுசாகப் படித்து முடித்தாள். கடையில் திரைக்குப் பின்னால் வைத்து விற்கிற புத்தகம்.

"நிஜமாவே படிச்சீங்களாக்கா?" புத்தகக் கடை முதலாளி குராமோச்சிக்குக் காது சிவந்துவிட்டது. "ஆறு கதையும்?"

"படிக்காம எப்படி விமர்சனம் எழுதறது?"

ஜப்பானில், யோனாகோ ரயில் ஸ்டேஷன் எதிரில் இருந்த அந்தக் கடையில், வேலை செய்கிறவர்களே புத்தகங்களைப் படித்து, உள்ளங்கை அகல அட்டையில் நாலு வரி எழுதி அலமாரியில் சொருகுவார்கள். ஹிசாயே இதுவரை எழுதியதெல்லாம் ஊறுகாய்ப் புத்தகம், பூந்தொட்டிப் புத்தகம். இதுவோ பெரியவர்களுக்கு மட்டுமான மாங்கா, படக்கதைத் தொகுதி. வரைந்தவர் புதுசு. போட்டிருந்ததும் புனைபெயர். மாதக் கடைசிக்குள் ஓரளவாவது விற்காவிட்டால் அவருக்கு இரண்டாவது தொகுதி கிடையாது என்று பதிப்பகத்தார் சொல்லியிருந்தார்கள்.

"எங்க வீட்டுக்காரர் படத்துக்கு முன்னாடி தண்ணி வெச்சுக் கும்பிட்டுட்டுத்தான் பிரிச்சேன். அவர் ஒண்ணும் கோவிச்சுக்கல."

"அவர் ஏன் கோவிச்சுக்கறார்? எட்டிப் பார்த்திருப்பார்!"

ஹிசாயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அட்டையை நீட்டினாள்.

'வெட்கப்பட்டுக்கொண்டேதான் பிரித்தேன். மூன்றாவது கதையில், பத்து வருஷமாகத் தனித்தனி அறையில் படுத்த கணவனும் மனைவியும் ஒரு பனி இரவில் ஒருவர் பக்கம் ஒருவர் திரும்புகிறார்கள். அவர் முதலில் அவள் கைகளைத்தான் சூடாக்குகிறார். படங்கள் எதையும் மறைக்கவில்லை. யாரையும் கேவலப்படுத்தவும் இல்லை. இதை வரைந்தவர் அன்பு தெரிந்தவர்.'

குராமோச்சி ஓரத்துப் பொடி எழுத்து வரை இரண்டு தடவை படித்தார். எழுந்து போய், அட்டையைத் திரைக்கு வெளியே, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் தொங்கவிட்டார்.

மூன்று நாளில் பதினோரு பிரதி போயிற்று. வாங்கினவர்களில் பாதிப் பேருக்கு நரைத்த தலை. எல்லோருமே, மேலே காகித உறை போட்டுத் தரச் சொன்னார்கள்.

நாலாம் நாள் அடாச்சி அம்மாள் வந்தாள்.

அந்த ஊர் மாதர் சங்கத் தலைவி. நீச்சலுடை போட்ட பெண் இருக்கிறாள் என்று ஸ்டேஷன் விளம்பரத்தையே இறக்க வைத்தவள். நேராக வந்து திரைக்கு முன்னால் நின்றாள். பத்து நிமிஷம் நகரவில்லை.

"இதை யார் எழுதினது?"

"நான்தான்," என்றாள் ஹிசாயே.

அடாச்சி அம்மாளின் முகம் சிவந்தது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, விடுவிடுவென்று வெளியே போய்விட்டாள்.

"போச்சு!" குராமோச்சி தலையில் கை வைத்தார். "திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லக்கா. திட்டாமப் போனாங்க பாருங்க, அதான் பயமாயிருக்கு. நாளைக்கே நாம நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுடணும்."

"நான் எழுதினதுல பொய் ஒண்ணும் இல்லையே."

"பொய் இல்லதான். கடை இருக்கணுமே!"

மறுநாள் காலை குராமோச்சி கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டார். கையில் பயறு இனிப்புப் பெட்டி. அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மீதிப் புத்தகங்களைத் திருப்பி அனுப்பக் கட்டியும் வைத்தாயிற்று.

ஹிசாயே வழி நெடுக, முகம் தெரியாத அந்த ஓவியருக்காக மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டே நடந்தாள்.

அடாச்சி அம்மாள் வீட்டுக் கதவு திறந்ததுமே குராமோச்சி இடுப்பு ஒடியக் குனிந்தார்.

"பெரிய தப்பு நடந்துபோச்சு, அம்மா! அட்டையை எடுத்துட்டோம். இதோ, பாருங்க. புத்தகத்தையும் சாயங்காலம் திருப்பி அனுப்பிடறோம். தயவுசெய்து..."

"திருப்பி அனுப்பறீங்களா?" அடாச்சி அம்மாளின் குரல் உடைந்தது. "எதுக்கு?"

குனிந்தவர் குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார்.

அவள் அட்டையை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த கடைசி வரியை வாய்விட்டுப் படித்தாள். "'ஐந்தாவது கதை மட்டும் அவசரமாக முடிந்துவிட்டது.'"

"மன்னிச்சுக்கோங்க," என்றாள் ஹிசாயே. "மனசுல பட்டதை எழுதிட்டேன்."

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க. நானும் படிச்சேன். சாப்பாடானாலும் சரி, பள்ளிக்கூடப் பாடமானாலும் சரி, அவ எதையும் அவசரமாத்தான் முடிப்பா."

"யாரு?" என்று குராமோச்சி நிமிர்ந்தார்.

அடாச்சி அம்மாள் அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாசல் என்றும் பாராமல், ஹிசாயே முன்னால் தலை குனிந்தாள்.

"இதை எனக்குக் குடுத்துடுங்க, டோக்கியோவுக்கு அனுப்பணும். வேற பேர் போட்டாலும் அவ வரையற கோடு எனக்குத் தெரியாதா? 'இந்த அசிங்கத்தை வரையறதா இருந்தா வாசப்படி மிதிக்காதே'ன்னு நாலு வருஷம் முன்னாடி சொன்ன அம்மா, இப்போ 'நல்லா வரைஞ்சிருக்கே'ன்னு சொன்னா எம்பொண்ணு நம்ப மாட்டா. நீங்க சொன்னா நம்புவா."